அந்த பெக்கர் செட்டைக் கழற்றாதே

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னாடி ஈப்போவுக்குக் கிளம்பவேண்டும் என்று இவள் இப்போதே கேட்கிறாள், தங்கச்சியிடம் சொல். இங்கே பெரியவன் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகிறான். என் முட்டிவலி பழைய மாதிரிதான், அதை விடு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய டபிள்யூ124 மாடல் மெர்சிடிஸில் இருக்கும் பெக்கர் கம்பெனியின் கேசட் ரேடியோ செட்டை எடுத்துவிட்டுப் பத்து அங்குல ஆண்ட்ராய்டு திரை போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. இத்தனைக்கும் நான் இப்போதுதான் என் காரில் ஒரிஜினல் செட்டை எடுத்துவிட்டு வெளியில் வாங்கிய செட்டைப் போட்டிருக்கிறேன். என் காருக்கு அது சரி. உன் காருக்குச் சரியில்லை.

என் டொயோட்டா விஷ் ஜப்பான் ஊருக்கென்று செய்து, நேரடி இறக்குமதியில் இங்கே வந்தது. அந்தக் காலத்து ஜப்பான் செட்டில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். நம் தமிழ் நிலையமான ‘ஒலி’ இருப்பது 96.8-ல். சிங்கப்பூரில் கார் ஓட்டிக்கொண்டு தமிழ் வானொலி கேட்க முடியாத ஒரு செட்! இதற்கென்று ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அலைவரிசையை 16 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்கும் பெட்டி என்றால் 96.8 வந்து 80.8-ல் கேட்கும். கேட்கும் என்றுதான் சொல்லலாம். பக்கத்திலேயே ஜோகூர் நிலையங்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும் இந்த ஊரில், பாதிச் செய்தி இரைச்சலில் போய்விடும். காலையில் வேலைக்குப் போகும்போது தமிழ்ச் செய்தி கேட்காமல் எனக்கு நாள் தொடங்காது என்பது உனக்குத் தெரியும். அந்த ஒன்றுக்காகவே மாற்றினேன்.

இன்னொன்று, என் கார் எத்தனை நாள் என்னோடு இருக்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இங்கே கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பித்தேன். ஐந்தாண்டுக்கு எடுத்தால் மறுபடி நீட்டிக்க வழியே கிடையாது, வண்டியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். சாலை வரியும் பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடி, 50 வரை போய் நிற்கும். அதனால் ஒரிஜினல் அழகைக் காப்பாற்றி என் விஷ்ஷுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாங்க ஆளும் வரப்போவதில்லை. கடைசி நாளில் புதுச் செட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

உன் கதை வேறு. உங்கள் ஊரில் அந்த மெர்சிடிஸ் உன் பேரன் காலம் வரைக்கும் ஓடலாம். அந்த மாடலைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது டேஷ்போர்டைத்தான். பெக்கர் அதில் இருந்தால் ஒரு மதிப்பு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் திரை நின்றால் வேறு மதிப்பு. செட் உட்காரும் துளையும் ‘ஒற்றை டின்’ என்கிற பழைய கார் ரேடியோ அளவு, 180-க்கு 50 மில்லிமீட்டர். பத்து அங்குலத் திரை அதற்குள் எப்படிப் போகும்? வெளியே தூக்கிக்கொண்டு நின்று, சுற்றியிருக்கும் பொத்தான்களைத்தான் மறைக்கும். கார் செய்கிற கம்பெனிகளுக்கே இது புரிந்திருக்கிறது. போர்ஷே தன் பழைய கார்களுக்கென்று 2020-ல் ஒரு செட் கொண்டுவந்தது. உள்ளே ஃபோனைக் காரோடு இணைக்கும் கார்பிளே எல்லாம் உண்டு, முகம் மட்டும் அந்தக் காலத்துத் திருகு குமிழோடு இருக்கிறது.

நீ எழுதியதை இன்னொரு தரம் படித்தேன். உன் குறை என்ன? ‘சத்தம் கரகரக்கிறது, தபேலா கேட்கவே மாட்டேன் என்கிறது.’ இது செட்டின் குறையே இல்லை, மச்சான். ஸ்பீக்கரின் குறை. என் காரின் கதவு அட்டையைக் கழற்றியபோது நானே பார்த்தேன். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பில் விரல் பட்டதும் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. வெயிலில் நின்ற கார்களில் எல்லாம் இதே கதிதான். விளிம்பு போனால் கூம்பு நேராக அசையாது, தாழ்ந்த ஓசை முதலில் சாகும். அதற்குமேல் எந்தச் செட்டைப் போட்டாலும் கரகரப்புதான் கூடும். முதலில் ஸ்பீக்கரை மாற்று. பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், நீயும் நிறுத்துவாய் என்றுதான் நினைக்கிறேன்.

கடையில் ‘50 வாட், நாலு சேனல்’ என்று பெட்டியைக் காட்டுவார்கள். அதை நம்பி மயங்காதே. ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இல்லாத செட்டுக்குக் கிடைப்பது கார் பேட்டரியின் மின்சாரம் மட்டும்தான், என்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வை. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சுத்தமாக வரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டுக்குள்தான். பெட்டியில் இருப்பது ஒரு நொடி உச்சத்தின் எண்.

வயர் விஷயத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். காக்கி புக்கிட் பட்டறையில் என் செட்டை வெளியே இழுத்தபோது வயர்மேனே தலையில் கைவைத்துவிட்டார். எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் எப்போதோ எதையோ மாட்டப்போய், ஒரிஜினல் பிளக்கில் பாதியை வெட்டி, வயரை வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். இந்த வெக்கைக்கு டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, அது காரின் இரும்பு பாடியில் உரசினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எல்லாவற்றையும் சீராக்கி, அந்த மாடலுக்கென்றே விற்கும் மாற்றுப் பிளக்கைப் போட்டார். டொயோட்டா துளை 200 மில்லிமீட்டர் அகலம், புதுச் செட் 180. இரண்டு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் பட்டை வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. திருகு குமிழ் உள்ள செட்டாகவே கேட்டு வாங்கினேன். சாலைக் கட்டணத்துக்கு வைத்த புதுக் கருவியின் திரை ஏற்கெனவே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தீவு விரைவுச்சாலையில் போகும்போது சத்தத்தைக் குறைக்க நான் இன்னொரு திரையைப் பார்க்கமாட்டேன், கை தானாகப் போய்க் குமிழைத் திருப்பவேண்டும். பழைய செட்டைத் துணியில் சுற்றி, வீட்டுக்குள் இருக்கும் பாம்ப் ஷெல்டர் அறையில் வைத்திருக்கிறேன்.

உன் காரில் இன்னும் எச்சரிக்கையாக இரு. அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் வயர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாடிக்குப் போகும். இப்போதைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே தனி, எதுவும் பாடியைத் தொடக்கூடாது. தெரியாமல் இணைத்தால் செட்டின் அவுட்புட் சிப் போய்விடும். பெக்கரில் திருட்டுக்குப் பயந்து வைத்த ரகசிய எண்ணும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்த எண்ணைக் கேட்கும், இல்லாவிட்டால் செட் பேசாது. அப்பாவின் கார்ப் புத்தகத்துக்குள் சின்ன அட்டை ஒன்று செருகியிருக்கிறதா பார், அதைப் பார்க்காமல் யாரையும் பேட்டரியில் கைவைக்க விடாதே.

ஃபோனில் இருக்கும் பாட்டு கேட்கவேண்டும் என்றால் கேசட் வடிவத்தில் வரும் அடாப்டர் போதும், வயரை ஃபோனில் செருகிக் கேசட்டை உள்ளே தள்ளு. கேசட் சுற்றாவிட்டால் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், அதை மாற்றலாம். கேசட் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டையும் துடைத்துவிடச் சொல். அப்பாவின் கேசட்டுகளை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர் கைப்பட எழுதிய பெயர்ச்சீட்டு ஒட்டிய கேசட்டுகள் அவை. அவற்றைப் போட உன்னிடம் அந்தச் செட்டை விட்டால் வேறு எது இருக்கிறது?

முன்பக்க ஸ்பீக்கரின் குறுக்களவை அளந்து எழுது. கூம்பை அளக்காதே, திருகு ஆணித் துளைக்குத் துளை அள. பெக்கரின் முகத்தில் இருக்கும் மாடல் பெயரையும் அப்படியே எழுதி அனுப்பு. இங்கே மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் போகும்போது பார்த்து வாங்கி, கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கல்யாண வேலை முடிந்த மறுநாள் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டிவிடலாம்.

அன்புடன்,
உன் கூட்டாளி