அடுத்த பெருந்தொற்றுத் திட்டத்தில் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் நாங்கள். அடுத்த பெருந்தொற்றை எதிர்கொள்ளத் திட்டம் தீட்டும்போது படுக்கை எண்ணிக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் கட்டாயம் இடம்பெறும். இந்த நோயாளிகளின் பக்கத்தில் ராவும் பகலும் இருப்பவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2023இல் வெளியான லாசி-டாட் என்ற நாடு தழுவிய டிமென்ஷியா ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது மனைவி, மகள், மருமகள் என்று பெரும்பாலும் ஒரு பெண். அந்த ஒருவர் சாய்ந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் சாய்வார்கள்.

2020 மார்ச் 25 அன்று நாடு பூட்டப்பட்டபோது இந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டிமென்ஷியா உள்ளவருக்கு நாளைத் தாங்கிப் பிடிப்பது நினைவு அல்ல, பழக்கம். காலை 6 மணிக்கு டீக்கடை, திரும்பும் வழியில் பேப்பர், சாயங்காலம் கோயில். தேதி தெரியாது, பேரனின் பெயர் தெரியாது; ஆனால் கால் தானாகத் தெருமுனைக்குப் போகும். அதை நிறுத்தியதும் அவருக்கு நாளே கலைந்துபோகிறது. சாயங்காலம் 4, 5 மணிக்கு வெளிச்சம் மங்கும்போது பதற்றம் ஏறும். சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார். கேட்டின் தாழ்ப்பாளை இழுப்பார். ஊரடங்கு என்று விளக்கினால் தலையாட்டுவார். ஐந்து நிமிடத்தில் மறுபடி தாழ்ப்பாளில் கை. அதே கேள்வியை ஒரு சாயங்காலத்தில் நாற்பது தடவை கேட்பவருக்கு நாற்பது தடவையும் பதில் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார். பகல் நேரப் பராமரிப்பு மையம் மூடிவிட்டது. ஹோம் நர்ஸையும் வேலைக்கு வரும் அம்மாவையும் அப்பார்ட்மென்ட் சங்கம் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. உறவினர் வருவதற்கு இ-பாஸ் கிடைக்கவில்லை.

இந்த நிலையில் இருந்தவர்களுக்கு அப்போது கிடைத்த அறிவுரை: யோகா செய்யுங்கள், பிடித்த பாட்டுக் கேளுங்கள், நண்பர்களுடன் பேசுங்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் ஒருத்திக்கு அது உதவாது. அவருக்குத் தேவை தூக்கமும், அவர் தூங்கும் நேரத்தில் விழித்திருக்க இன்னொரு ஆளும். பராமரிப்பவரின் மனநலம் என்று நாங்கள் சொல்வதில் முக்கால் பங்கு இதுதான்.

தூக்கம் இல்லாத வீட்டில் என்ன தவறு நடக்கிறது என்பதைத் துறை தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு இன்னொரு அரை மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். களைப்பில் எடுக்கும் முடிவு அது. அந்த மயக்கம் காலையிலும் தெளியாது. கழிப்பறைக்குப் போகும் வழியில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறியும். அரைத் தூக்கத்தில் ஊட்டும் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தையே கூட்டுகின்றன. மாத்திரையைக் கூட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை எளிமையானவை: காலையில் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ அரை மணி நேரம் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துவது, மதியத்துக்குப் பிறகு காபி, டீ கொடுக்காமல் இருப்பது, இருட்டுவதற்கு முன்பே, 5 மணிக்கே எல்லா விளக்கையும் போடுவது, தண்ணீரில் பெரும்பகுதியைச் சாயங்காலம் 6 மணிக்குள் குடிக்க வைப்பது, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. இதை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது.

மாற்று ஆள் விஷயத்தில் எங்கள் கோரிக்கை திட்டவட்டமானது. ஊரடங்கு அறிவிக்கும் அரசாணையிலேயே, டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஒருவரை, உறவினரானாலும் கூலிக்கு வருபவரானாலும், அத்தியாவசியப் பணியாளர் என்று எழுதுங்கள். அதற்கான சீட்டைக் காட்டினால் போலீஸும் மறிக்கக் கூடாது, குடியிருப்புச் சங்கமும் மறிக்கக் கூடாது. வாரத்துக்கு எட்டு மணி நேரம், நான்கு நான்காக இரண்டு தடவை ஆள் மாறினாலே பராமரிப்பவர் நிமிர்ந்துவிடுவார். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் குளிக்கவும் துணி துவைக்கவுமே சரியாகிவிடும், தூங்க முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுவாசலுக்கே வருகிறார். அப்படியொருவர் வரும்போது பராமரிப்பவரிடம் நான்கு கேள்வி கேட்டால் போதும். நேற்று ராத்திரி தொடர்ச்சியா எத்தனை மணி நேரம் தூங்கினீங்க? உங்களுக்குப் பதிலா உட்கார ஆள் இருக்கா? அவங்க மேல கை ஓங்குற அளவுக்குக் கோபம் வந்துச்சா? உயிரை விட்டுடலாம்னு தோணுச்சா? பராமரிப்புச் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல் இருக்கிறது. அது மருத்துவமனைக்குச் சரி, வாசற்படியில் நின்றுகொண்டு கேட்பதற்கு இந்த நான்கு. நோயாளியின் காதில் விழாத இடத்தில் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'ஆமா' என்று பதில் வந்தால் அந்த இடத்திலிருந்தே 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவைக்கு அழைத்து, பேச வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

டெலிமானஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை 24 மணி நேரமும் இயங்குவது பெரிய ஆறுதல். ஆனால் அழைப்பவரின் பக்கத்திலேயே நோயாளி உட்கார்ந்திருப்பார் என்பதை ஆலோசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். "எப்போது திரும்ப அழைக்கட்டும்?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். நோயாளி தூங்கும் நேரத்தைச் சொல்வார்கள். அடுத்தது, "அடிச்சிட்டேன்" என்ற சொல். பல வாரம் அடக்கி வைத்து, அழுகையோடு வெளியே வரும் சொல் அது. அதற்கு "பொறுமையா இருங்க" என்று பதில் வந்தால் அவர் இனி அழைக்கவே மாட்டார். இப்போது இருவரும் பத்திரமாக இருக்கிறார்களா, பத்து நிமிடம் வேறு அறைக்குப் போக முடியுமா, இன்று ராத்திரிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அந்த வரிசையில் கேட்கப் பயிற்சி கொடுங்கள்.

இனி, மிகவும் கனமான விஷயம். பராமரிப்பவருக்கே தொற்று வந்தால் என்ன செய்வது? கொரோனாவில் அவர்களை உள்ளிருந்து அரித்த பயம் இதுதான். பரிசோதனைக்குப் போகவே பயந்தார்கள், "எனக்குப் பாசிட்டிவ்னு வந்தா இவரை யார் பார்ப்பா?" ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட வீடுகளுக்கென்று ஐந்து பேராவது முன்கூட்டியே பயிற்சி பெற்றுக் காத்திருக்க வேண்டும். குடும்பங்களும் ஒரு தாள் தயாராக வைத்திருக்க வேண்டும்: அவரை என்ன பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், சாதத்தை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்த மாத்திரை எப்போது, சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவார் (பலர் வேட்டி முனையைப் பிடித்து இழுப்பார்கள்), எதைக் கண்டு பயப்படுவார், எதைக் கையில் கொடுத்தால் அடங்குவார். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்று பிரிட்ஜ் கதவில், இன்னொன்று ஆஸ்பத்திரிப் பையில். இந்தத் தாள் இருக்கிறது என்பதே பராமரிப்பவரின் பதற்றத்தைப் பாதியாக்கும்.

நோயாளிக்கே தொற்று வந்தால், தயவுசெய்து அவரோடு ஒருவரை வார்டில் விடுங்கள். அவர் பார்வையாளர் அல்ல, சிகிச்சையில் ஒரு பகுதி. முதல் அலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட்டால் இறந்தவர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்ட முன்நோய் டிமென்ஷியாதான். முகம் தெரியாத பிபிஇ கிட் உருவம் பக்கத்தில் வந்தால் இவர்கள் அலறுகிறார்கள், ஆக்சிஜன் மாஸ்கைப் பிடுங்குகிறார்கள், பிறகு கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். தெரிந்த குரல் ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு அவசியம் வராது. தடுப்பூசி போட்ட, பாதுகாப்பு உடை அணிந்த ஒருவரை அனுமதிப்பது முடியாத காரியம் இல்லை. அறவே வழியில்லாவிட்டால், பராமரிப்பவரின் குரலை இரண்டு நிமிடம் செல்போனில் பதிந்து, சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் போட்டுக் காட்டலாம்.

டிமென்ஷியா உள்ளவரிடம் தொற்று பல நேரம் காய்ச்சலாக வருவதில்லை என்பதையும் முன்களப் பணியாளர்களுக்குச் சொல்லுங்கள். நேற்று வரை ஒரு நிலையில் இருந்தவர் இன்று திடீரென அளவுக்கு மீறிக் குழம்பினாலோ, சோர்ந்து சாப்பாட்டை மறுத்தாலோ டிமென்ஷியா முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தொற்று, நீர்வற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று வேறு காரணம் தேட வேண்டும். ஆக்சிமீட்டரைத் தூங்கும்போது மாட்டுவது நல்லது. விழித்திருந்தால் விரலை இழுத்துக்கொள்வார், அளவு தவறாகக் காட்டும். அளவு நிலைத்து நிற்கும் வரை காத்திருந்து பார்த்து, 94க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இது தெரியாததால், 'நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்' என்ற குற்ற உணர்ச்சியைச் சுமப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சானிடைசர் பாட்டிலைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள். தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள்.

மருந்து கையிருப்பு 60 நாளுக்கு வேண்டும். டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் மருந்து மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தடுப்பூசியில், 2021இல் ஒன்றிய அரசு வகுத்த வரிசையில் வீட்டுப் பராமரிப்பாளர் தனிப் பிரிவாக இல்லை. 85 வயது மாமியாருக்கு மார்ச்சிலேயே ஊசி கிடைத்தது. ராப்பகலாகத் தொட்டுத் தூக்கும் 38 வயது மருமகளுக்கு மே வரை வழியில்லை. இனி இருவருக்கும் ஒரே நாளில் போடுங்கள்.

கடைசியாக, சாவு. கணவர் கோவிட்டில் போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, சடங்கு இல்லை. டிமென்ஷியா உள்ள மனைவி தினமும், "அப்பா இன்னும் வரலையா?" என்று மகளைக் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் அலறுகிறார். மகளுக்கும் ஒவ்வொரு நாளும் அதே சாவு. நாங்கள் சொல்வது: நல்ல நேரம் பார்த்து ஒருமுறை சொல்லுங்கள், சேர்ந்து அழுங்கள். பிறகு கேட்கும்போது திருத்த வேண்டாம். "அப்பா நெனப்பு வந்துடுச்சாம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுங்கள். அது பொய் இல்லை. ஆனால் இந்த மகளின் துக்கத்தைக் கேட்க வேறொருவர் வேண்டும். இறப்பு நடந்த வீட்டில் டிமென்ஷியா உள்ளவர் இருந்தால், முதல் வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து என மூன்று முறையாவது மாவட்ட மனநலக் குழுவிலிருந்து அழைப்பு வர வேண்டும்.

இதற்கான வரைவை எழுத நாங்கள் தயார். கலந்துரையாடலுக்கு அழைக்கும்போது பராமரிப்பவர்களையும் அழையுங்கள். கூட்டத்தைக் காலையில் வைத்து, மதியம் 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். 4 மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
டிமென்ஷியா பராமரிப்பில் குடும்பங்களுக்குத் துணைநிற்பவர்கள்