பக் நாய்க்கு ஈரச்சாக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எங்கே பார்த்தாலும் இப்போது பக் நாய்தான். குட்டி விற்பவர்கள் தடுப்பூசிக் கணக்கு சொல்கிறார்கள், மூக்கைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரம் ஆவியானால்தான் சூடு தணியும். பக்குக்கோ சப்பை மூக்கு, குறுகிய துவாரம். காற்று போய்வரவே திண்டாட்டம். அதோடு நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் ஈரம் லேசில் ஆவியாகாது. ஆகவே கத்திரி வெயில் மதியம் மட்டுமில்லை, மழை இறங்காமல் மூடிக்கிடக்கும் சாயங்காலமும் ஆபத்துதான். விடிந்ததும் விடியாததுமாக நடக்கவிட்டால் போதும். அப்போதும் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான் சரி.

குறட்டைபோல இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், நாக்கு கருநீலம் என்றால் வெப்பத்தாக்கு. சாக்கை நனைத்துப் போர்த்துவது நம் பக்கத்து வழக்கம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாக்கே சூடேறி, உடம்புச் சூட்டை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ளும். நிழலில் கிடத்தி, வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஃபேனை வேகமாக வையுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும். அடிபம்புத் தண்ணீர் எடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 104-ஐத் தாண்டினால் அவசரம். 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள், இல்லையேல் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும். எழுந்து வாலாட்டினாலும் பக்கத்து டாக்டரிடமோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும். சிறுநீரகக் கோளாறு மறுநாள்கூடத் தலைகாட்டும்.

எடை ஏறினால் மூச்சு இன்னும் திணறும். 6 முதல் 8 கிலோதான் அளவு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். டீயில் நனைத்த பிஸ்கட்டை வீட்டில் ஆளுக்கொன்று ஊட்டினால் எங்கே தட்டுப்படும்? மூக்கு மடிப்பைத் தினமும் ஈரப்பஞ்சால் துடைத்து, உடனே உலரத் துடையுங்கள். பவுடர் போட்டால் உள்ளே குழைந்து நாறும்.

வாங்கும் முன் குட்டியை 2 நிமிடம் ஓடவிட்டு அருகில் காது கொடுங்கள். மூச்சு கரகரத்தாலோ, மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கியிருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

– ஒரு வாசகர், மன்னார்குடி