இந்த மாதம் பணம் குறையும், அம்மா

ஈஸ்ட் ஹாம், லண்டன்
6 மார்ச் 2022, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை எனக்குக் கொரோனா என்று தெரிந்தது. பயப்படாதே. மூன்று ஊசியும் போட்டிருக்கிறேன். தொண்டை வலி, இரண்டு நாள் காய்ச்சல், முதுகில் அடித்துப்போட்டது மாதிரி ஒரு வலி, அவ்வளவுதான். நேற்றிலிருந்து சோறு இறங்குகிறது. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம். தங்கச்சியைப் படித்துக்காட்டச் சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதம் வழக்கமாக அனுப்புவதில் பாதிதான் வரும். தங்கச்சியின் செமஸ்டர் பீஸுக்கு வைத்திருந்ததில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி ஆனது என்று உனக்கு முழுதாகச் சொல்லவேண்டும், பொறுமையாகக் கேள்.

போன வாரம் நீ கேட்டாய், "அங்க கொரோனா முடிஞ்சுபோச்சாமே, டிவியில சொன்னாங்களே" என்று. நோய் முடியவில்லை அம்மா, அதற்கான சட்டம்தான் முடிந்திருக்கிறது. வீடு வீடாக மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு இங்கே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரி நடுவில் எடுத்த கணக்குப்படி இங்கிலாந்தில் ஏறக்குறைய 25 பேரில் ஒருவருக்குத் தொற்று. நான் போகும் பஸ்ஸில் எப்போதும் அதற்கு மேல் ஆட்கள் இருப்பார்கள்.

தொற்று வந்தவர் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது இங்கே 2020 செப்டம்பர் 28 முதல் சட்டமாக இருந்தது. மீறினால் அபராதம் 1,000 பவுண்டில் தொடங்கி 10,000 வரை போகும். முதலில் பத்து நாள். ஊசி எல்லாம் வந்த பிறகு குறைத்துக்கொண்டே வந்து, இந்த ஜனவரியில் ஐந்து நாளாக்கினார்கள், அதுவும் கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து டெஸ்ட் நெகட்டிவ் வந்தால்தான். பிப்ரவரி 21ஆம் தேதி பிரதமர் போரிஸ் ஜான்சன் பாராளுமன்றத்தில் எழுந்து, வருகிற வியாழன் 24ஆம் தேதியிலிருந்து அந்தச் சட்டம் இல்லை, இனி அவரவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் ராணிக்கே தொற்று என்று அரண்மனையிலிருந்து செய்தி வந்தது. தொண்ணூற்றைந்து வயது. நீ அன்று போனில் "பாவம், அந்தம்மா பிழைக்கணும்" என்றாயே, அதே வாரம்தான். 21ஆம் தேதி மாலை பிரதமரின் பக்கத்தில் நின்ற தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, தொற்று வந்தவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்பதுதான் இப்போதும் எங்கள் அறிவுரை என்றார். ஒருவர் சட்டத்தை எடுக்கிறார், இன்னொருவர் அதே மேடையில் நின்று வெளியே வராதீர்கள் என்கிறார். 24ஆம் தேதி விடியும்போது உக்ரைனில் குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. பிறகு எந்த டிவியிலும் எங்கள் பேச்சு இல்லை.

ஊரில் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் இளைஞர்கள் பலருக்குச் சந்தோஷம்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வங்காளதேசத்து அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்று தொற்றோடு வந்து, மூன்று முறை அவர் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. எங்கள் தெரு முனையில் முடிவெட்டும் கடைக்காரர், போன வருஷம் ஜூலையில் ஆட்களுக்கெல்லாம் செயலியில் மணி அடித்து, தொற்று வந்தவர் பக்கத்தில் நீ இருந்தாய், பத்து நாள் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டதால் தனியாக நின்று கடை நடத்தினார். "இனிமேலாவது மூச்சு விடலாம்" என்கிறார். அதுவும் நியாயமான வார்த்தைதான்.

எங்கள் கிடங்கில் கணக்கு எழுதும் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா 2020 ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சட்டத்தை மதித்து, முகம்கூடப் பார்க்கப் போகாமல் வீட்டில் இருந்தார்களாம். அடுத்த மாதமே பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடந்தது என்று இப்போது வெளியே வந்திருக்கிறது, போலீஸ் விசாரணையும் நடக்கிறது. சட்டத்தை எடுத்தார்கள் என்று கேட்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பாராளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் நதியின் அக்கரைச் சுவரில், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் அப்பாவின் பெயர் இருக்கிறது. நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நடக்க நடக்க முடியவே மாட்டேன் என்கிறது அந்தச் சுவர்.

ஒன்று கவனித்தேன். கருத்துக்கணிப்பில் கேட்டபோது, இந்தச் சட்டம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் 24ஆம் தேதியிலிருந்து பாதாள ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம் இல்லை என்று ஆனதும், ஒரே வாரத்தில் முக்கால்வாசிப் பேர் முகத்தில் அது இல்லை. இதை நான் பொய்வேஷம் என்று நினைக்கவில்லை. நோயாளி வீட்டில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் மனதார நினைக்கிறார்கள். தான் நோயாளி ஆகும்போதுதான் வாடகை ஞாபகம் வருகிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

புதன்கிழமை காலை டெஸ்டில் இரண்டு கோடு. கோடு பளிச்சென்று இருந்தது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் கோபமாகப் பேசவில்லை, நன்றாகத்தான் பேசினாள். "இனி எங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, தெரியுமா? உடம்புக்கு முடிந்தால் வா. முடியாவிட்டால் உன் ஷிப்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் அம்மா. எனக்கு மணிக்கு 8.91 பவுண்ட், இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி. பத்து மணி நேர ஷிப்ட், ஐந்து போனால் 445 பவுண்ட் போய்விடும். நோய்க்காலச் சம்பளம் என்று சட்டப்படி கிடைப்பது வாரம் 96.35 பவுண்ட். அதுவும் இந்த மார்ச் 24ஆம் தேதி முதல் பழையபடி நாலாவது நாளிலிருந்துதான் தருவார்களாம், கொரோனாவுக்கென்று முதல் நாளிலிருந்தே கொடுத்துவந்ததை நிறுத்துகிறார்கள். வருமானம் குறைந்தவர்கள் வீட்டில் தனித்திருந்தால் கொடுத்துவந்த 500 பவுண்டும் சட்டத்தோடு சேர்ந்து நின்றுபோனது. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் போன வருஷம் அந்தப் பணத்தில்தான் பத்து நாளை ஓட்டினார்.

இதைத்தான் உனக்கு விளக்கமாகச் சொல்ல நினைத்தேன். சட்டம் இருந்தபோது அது என்னைக் கட்டிப்போடுகிறது என்று நானும்தான் நினைத்தேன். போன வாரம்தான் தெரிந்தது, அது என் முதலாளியின் கையையும் கட்டிவைத்திருந்தது என்று. தொற்று இருப்பது தெரிந்தும் ஆளை வேலைக்கு வரவிட்டால் முதலாளிக்கும் அபராதம் உண்டு. அதனால் நான் போன் செய்து சொன்னால் போதும், "வராதே" என்று அவர்களே சொல்வார்கள். என் ஷிப்ட் போனதற்கு நான் காரணம் இல்லை, சட்டம்தான் காரணம். இன்று அதே போனில், வருவதும் வராததும் உன் இஷ்டம் என்கிறார்கள். பெரிய ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது உண்மையிலேயே இஷ்டம்தான். அவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்வான், சம்பளம் வந்துவிடும். பார்சல் தூக்குகிறவனையும் முதியோர் இல்லத்தில் பாட்டிகளைக் குளிப்பாட்டுகிறவளையும் இஷ்டப்படி செய் என்று சொன்னால், இருமிக்கொண்டே வா என்றுதான் அர்த்தம்.

தங்கச்சிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே, நினைவிருக்கிறதா? நீ நிலையில் வேப்பிலை செருகினாய். அதோடு சரி. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை தெருவில் ஒருவரும் நம் படி ஏறவில்லை. பால்காரர் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு அத்தை தினமும் இளநீர் கொண்டுவந்து வைத்தார்கள். எந்தப் போலீசும் வந்து சொல்லவில்லை. ஆனால் ஒன்று, அப்பா அத்தனை நாளும் ரைஸ் மில்லுக்குப் போகவில்லை, முதலாளியே வராதே என்று சொல்லி, பாதிக் கூலியை ஆளிடம் கொடுத்தனுப்பினார். அந்தப் பாதிக் கூலி இல்லாவிட்டால் அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? அப்புறம் 2020இல் பக்கத்துத் தெருவில் வாசலுக்குத் தகரம் அடித்து, ‘உள்ளே நுழையாதே’ என்று ஒட்டிவிட்டுப் போனார்களே, அந்த வீட்டுக்கு யார் இளநீர் கொண்டுபோனார்கள்? தகரத்தைப் பார்த்து எல்லோரும் பயந்து ஒதுங்கினோம், நானும்தான். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சட்டம் மட்டும் இருந்தால் போதாது என்பது எனக்கு அங்கே தெரிந்தது. அக்கறை மட்டும் இருந்தாலும் போதாது என்பது இங்கே தெரிகிறது. கஞ்சிக்கு வழி செய்துவிட்டு வீட்டில் இரு என்று சொன்னால் யாராக இருந்தாலும் இருப்பார்கள்.

நான் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்பாய். எல்லாம் அன்ரிக்காகத்தான். நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, யாழ்ப்பாணம் பக்கம், எழுபத்திரண்டு வயது என்று சொல்லியிருக்கிறேனே. கீழே அவர், மாடியில் நான், சமையலறை ஒன்றுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னி மாற்றினார்கள். அந்தக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை போடுகிறார், அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே குறைத்துவிடும். எத்தனை ஊசி போட்டாலும் நமக்குப் பிடிப்பது போல அவருக்குப் பிடிக்காது. இப்படிப்பட்டவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சட்டத்தை எடுத்த அன்று ராத்திரி படிக்கட்டில் நின்று கேட்டேன், என்ன அன்ரி, பயமாக இருக்கிறதா என்று. "சட்டம் எடுத்தாலும் என்ர உடம்பு அப்பிடியேதானே இருக்குத் தம்பி" என்றார். அப்புறம் கோயிலுக்குப் போகிற தன் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். போன செவ்வாய்க்கிழமை சிவராத்திரிக்கு அவர் போகவில்லை.

2020 செப்டம்பரில் நான் இங்கே வந்து இறங்கியபோது, இந்தியாவிலிருந்து வந்தவன் பதினாலு நாள் அறைக்குள் இருக்க வேண்டும் என்று விதி. முன்பின் தெரியாத என் கதவுக்கு வெளியே மூன்று வேளையும் சாப்பாடு வைத்தவர் அன்ரிதான். அந்தக் கதவைத் திறந்து, இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு வந்து, அதே சமையலறையில் நான் எப்படி நிற்பது? ஏஜென்சிக்குத் திரும்பப் போன் செய்து, ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதும் கதவுக்கு வெளியேதான் சாப்பாடு. நான் வேண்டாம் என்றாலும் அவர் கேட்பதில்லை. மல்லியும் மிளகும் தட்டிப் போட்ட ரசம், நம் வீட்டு ரசத்தைவிடக் காரம். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, கீழே இறங்கியதும் கைத்தடியால் படியைத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன். அவர் சமைக்காத நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துப் பாத்திரம் கழுவிவிட்டு வந்துவிடுவேன். இதுவரை அவருக்கு ஒன்றும் இல்லை. தினமும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறார். மருந்துக்கடையில் ஏழு குச்சி கொண்ட பெட்டியை இப்போது இலவசமாகத் தருகிறார்கள். ஏப்ரல் 1 முதல் அதற்கும் காசாம். அவரைப் போன்றவர்களுக்குத் தொற்று வந்தால் சீக்கிரமாகக் கொடுக்கவேண்டிய மருந்து இருக்கிறது, ஆனால் வந்தது தெரிந்தால்தானே கொடுக்க முடியும். அதனால் யாழ்ப்பாணத்து அண்ணனிடமும் சொல்லி நாலைந்து பெட்டி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக்கும் செவ்வாய்க்கிழமையும் ஒற்றைக் கோடாக வந்தால் நான் வெளியே போகலாம். இது இப்போது அறிவுரைதான், ஆனாலும் நான் அப்படியே செய்யப்போகிறேன். புதன்கிழமை ஷிப்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், கிடைக்குமா என்று தெரியவில்லை. படிப்புக்கேற்ற வேலைக்கு விண்ணப்பம் போட்டதில் ஒரு இடத்திலிருந்து பேச அழைத்திருக்கிறார்கள், வீடியோவில்தான். தேதி தெரிந்ததும் சொல்கிறேன், சாரங்கபாணி கோயிலில் ஒரு விளக்கு போடு.

பீஸுக்குக் கடைசித் தேதி 25 என்று தங்கச்சி சொன்னாள். பாதியை 15ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன், மீதிக்குக் காலேஜில் பத்து நாள் அவகாசம் கேட்டுப் பார்க்கச் சொல். உன் சங்கிலியை மட்டும் அடகு வைக்காதே. மாமாவிடம் கேட்கவும் வேண்டாம், நானே சரிசெய்துவிடுகிறேன். நீ மூட்டுவலி மாத்திரையை நிறுத்தாமல் போடு.

உன் பெரியவன்