பல்லைப் பிடுங்குவதோடு நிறுத்தாதீர்கள், கடியையும் பாருங்கள்

டெல்டா மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் என் அம்மாவுக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். சொத்தை இல்லை, ஆட்டமும் இல்லை. மேல்வரிசைக் கடைவாய்ப்பல். எதிரே கீழ்ப்பல் இல்லாததால் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, கீழ் ஈறைக் குத்திப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கீழ்ப்பல்லை முன்பு பிடுங்கியதும் அதே அரசு மருத்துவமனையில்தான். வலி போய்விடும் என்று சொல்லி மாத்திரை எழுதி அனுப்பினார்கள். காலி இடத்தில் பல் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், மேலே இருப்பது இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று சொல்லாததற்கு இன்று இன்னொரு பல் போயிருக்கிறது.

அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால், கூட வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வயலில் இறங்கிய பிறகும் அவர் மென்றுகொண்டிருப்பார். வலது பக்கம் மெல்ல முடியாது. சோற்றைக் கையாலேயே குழைத்து, இடது கன்னத்தில் ஒதுக்கி மெதுவாக மெல்வார். மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று பாதியிலேயே மூடி வைத்துவிடுகிற நாளும் உண்டு. முருங்கைக்காய், கீரைத்தண்டு, வறுத்த கடலை எல்லாம் விட்டுப்போய்விட்டன. இப்போது இடது பக்கப் பற்களும் தேய்ந்து, மேல்தளம் வழவழவென்று மஞ்சளாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டாலே கூசுகிறது. வெற்றிலை சீவலும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பகிர வேண்டிய வேலையை ஒரு பக்கமே செய்தால் அது எத்தனை நாள் தாங்கும்? தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மேல்கல்லும் கீழ்க்கல்லும் பொருந்தாத திருகையில் யாரும் உளுந்து உடைக்க மாட்டார்கள். பல்லும் அப்படித்தான். எந்தப் பல் எதன் மேல் உட்காருகிறது, எங்கே அழுத்தம் கூடுகிறது என்று கடியைப் பார்க்காமல் செய்கிற வைத்தியம் பாதி வைத்தியம். பல் அடைத்த பிறகு வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடாக இருக்கும் இடத்தைத் தேய்த்துவிட அதிக நேரம் ஆகாது. அதை விட்டால் கடிக்கும்போதெல்லாம் அந்தப் பல் முதலில் இடிபடும், வலிக்கும், சில நேரம் அடைத்ததே உடைந்துபோகும்.

சரி, வயதானவர்களை விடுங்கள். பிள்ளைகளைப் பாருங்கள். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பால் பல்தானே என்று பெற்றோர் அதையும் சொத்தையாக விட்டு, பிறகு பிடுங்கிவிடுகிறார்கள். பால் கடைவாய்ப்பல் சீக்கிரமே போனால் பின்பல் முன்னே நகர்ந்து, அடியில் வளரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். அந்த இடத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்னக் கம்பி வளையம் போதும். அது தவறினால் தெத்துப்பல், நெரிசல், துலக்க முடியாத இடுக்கு, அங்கே அழுக்கு தங்கி ஈறு வீக்கம். மேல்முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இதை வளரும் வயதில் பிடித்தால் சுலபம், வளர்ந்த பிறகு பெரும் செலவு. 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வந்து பரிசோதிக்கும் குழு இருக்கிறது. பல் சொத்தையும் அவர்கள் பட்டியலில் உண்டு. வாயைத் திறக்கச் சொல்கிறவர்கள் ஒருமுறை மூடிக் கடிக்கவும் சொல்லிப் பார்க்கலாமே.

தனியாரிடம் போகலாமே என்பீர்கள். பல்வரிசையைச் சீராக்கக் கம்பி போட்டால் ஒன்றரை, இரண்டு வருடம் மாதாமாதம் போக வேண்டும். அது கூலிக்காரர் கையில் அடங்குகிற செலவா? அரசு பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. 2023இல் புதுக்கோட்டையிலும் வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஒன்றுகூட இல்லை. வேதாரண்யத்துக் கூலிக்காரர் மாதாமாதம் சிதம்பரம் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. நடவு நேரத்தில் அந்த ஒரு நாளின் மதிப்பு ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேட்டூர் தண்ணீர் எப்போது திறக்கும் என்று வருஷாவருஷம் எதிர்பார்த்துக் கிடக்கிற மண் இது. வைத்தியத்துக்கும் அப்படியே காத்துக் கிடக்கச் சொன்னால் மனசு கொதிக்காதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீண்ட வரிசையைத் தனியாகச் சமாளிக்கும் அந்த இளம் மருத்துவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரை மட்டும் உட்காரவைத்து, கருவியும் நேரமும் தராமல் விட்டிருப்பதுதான் குறை.

நாங்கள் கேட்பது இதுதான். நான்கு மாவட்டங்களிலும் தலா ஒரு பெரிய அரசு மருத்துவமனையில், பல்வரிசை சீர்செய்யும் மருத்துவரும் பல் கட்டும் மருத்துவரும் வாரத்தில் ஒரு நாளாவது உட்காரட்டும். கடைவாய்ப்பல் பிடுங்கிய எவரையும், அந்த இடத்துக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். இரண்டாவது கோரிக்கைக்குப் புதிய கட்டிடமோ பெரிய பணமோ வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அதையாவது சம்பா நடவு தொடங்குமுன் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியின் மகன்