வாடகை ஸ்கூட்டர் விழுந்த விஷயமா பாப்பாவுக்கு

பாப்பா,

நீ போன்ல அழுதுகிட்டே பேசவும் எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, சொல்ல வந்ததுல பாதி தொண்டையிலயே நின்னுபோச்சு. அதான் இப்ப உக்காந்து எழுதுறேன். நீ அனுப்புன போட்டோவ எல்லாம் அப்பாகிட்ட காட்டிட்டேன், ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பாத்துட்டு பிள்ளைக்கு அடி ஜாஸ்தி இல்லைல அப்ப விடு வண்டிதானன்னுட்டு இப்பத்தான் படுத்தாரு. திட்டுவாருன்னு பயந்தியே, ஒரு வார்த்த திட்டல தாயி.

உன்கூட வந்த பிள்ளைக கறுப்பு மார்க்கர வச்சு கீறல தேச்சு விட்டுட்டு இருட்டுனப்புறம் வண்டிய நிறுத்திட்டு வந்துரலாம்னு சொன்னாகன்னு சொன்னேல்ல, நீ அதக் கேக்காம கடைக்காரருக்கு நீயே போனப் போட்டு சொன்ன பாரு, எனக்கு அதுல அம்புட்டு நிம்மதி. ஆனா அவரு 9,000 ஆகும்னு சொன்னதும் சொல்லாமயே இருந்திருக்கலாமோம்மான்னு கேட்ட, அதுதான் இப்ப வரைக்கும் எனக்கு உறுத்திக்கிட்டு இருக்கு.

உங்கப்பாகிட்ட கூட சொல்லாத ஒண்ணு சொல்றேன் கேளு. சோழவந்தான்ல ஆச்சி வீட்டுல இருந்தப்ப எனக்கு 12 வயசு இருக்கும். கடைவீதியில ஒரு வாடகை சைக்கிள் கடை, மணிக்கு 50 காசு, மட்கார்டுல பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும், நோட்டுல பேரும் நேரமும் எழுதிக்கிட்டு குடுப்பாக. நானும் உங்க சின்னத்தையும் 14ஆம் நம்பர எடுத்துக்கிட்டு வைகைப் பாலத்துப் பக்கம் போனோம், திரும்பி வர்றப்ப நான் மைல்கல்லுல கொண்டுபோயி விட்டுட்டேன். முன்வீல் கோட்டமாயிருச்சு, உருட்டிக்கிட்டு வர்றப்ப ஒவ்வொரு சுத்துக்கும் பிரேக் கட்டையில டக்கு டக்குன்னு இடிக்குது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், வரிசைக்கு நடுவுல செருகி ஸ்டாண்டப் போட்டுட்டு ஓடியாந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சு பால் வாங்கப் போறேன், அங்க வேலைக்கு இருந்த பையன், என் வயசுதான் இருக்கும், அந்த வீலக் கழட்டி வச்சு சுத்தி விட்டு சாக்பீஸ ஓரத்துல பிடிச்சு, படுற எடத்துல ஸ்போக்க ஒண்ணொண்ணா திருகிக்கிட்டு உக்காந்திருக்கான். பக்கத்துல டீக்கடையில பேசிக்கிறாக, இவன்தான் வண்டிய கீழ போட்டுட்டு ஒத்துக்க மாட்டேங்கிறானாம், வாரக் கூலியில பிடிச்சுட்டாராம்னு. அந்தப் பையன் நிமிந்து என்னையப் பாத்தான், ஒண்ணும் கேக்கல. நான் பால் தூக்கோட வீட்டுக்கு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த 14 என் மனச விட்டுப் போகல. நீ மார்க்கர தேச்சு விட்டிருந்தா அங்கயும் வண்டிய வாங்கி நிறுத்துற ஒரு பையன் தலையிலயோ அடுத்து எடுக்குற யாரு பெத்த பிள்ளை தலையிலயோதான் விடிஞ்சிருக்கும். அதனால நீ போன் போட்டது சரி, அதுல ரெண்டாவது யோசனையே வேணாம்.

அதுக்காக கேட்டத அப்படியே குடுத்துட்டு வரச் சொல்லல. ஜெய்ஹிந்துபுரம் பட்டறையில 20 வருஷம் பில் எழுதுனவ நான். அழகர் ஆத்துல எறங்குன மறுநாள் பாத்தா மிரர் ஒடஞ்சதும் லிவர் ஒடஞ்சதுமா வாசல் கொள்ளாம வண்டி நிக்கும், எது புது அடி எது பழைய அடின்னு கண்ணு பழகிப்போச்சு.

ஆரோவில் பக்கம் செம்மண்ணுல பிரேக் பிடிக்கவும் எடது பக்கமா சாஞ்சேன்னு சொன்ன. சரி. எடது பிரேக் லிவர் நுனியில அந்த உருண்டை இல்ல, எடது மிரர் ஒடஞ்சிருக்கு, சைடு பேனல் கீறியிருக்கு, கிக்கர் முனை தேஞ்சிருக்கு, இதெல்லாம் நீ போட்டதுதான். கீறல்ல பாரு, பிளாஸ்டிக் வெள்ளையா பிசிறு பிசிறா நிக்கும், செம்மண் அப்பியிருக்கும். ஆனா அவரு லிஸ்ட்ல சைலன்சர் கவரும் சேத்திருக்காரு. இந்த வண்டிக்கு சைலன்சர் வலது பக்கம்டா. எடது பக்கம் விழுந்த வண்டிக்கு வலது பக்கம் எப்படி தேயும்? அந்தக் கீறல பெருசு பண்ணிப் பாரு, உள்ள கறுப்பா எண்ணெய் அழுக்கு ஏறி ஓரமெல்லாம் மழுங்கிக் கெடக்கு, அது மாசக்கணக்கான கீறல். முன் மட்கார்டு வெடிப்பும் அப்படித்தான். நீ எடுக்குறப்ப வண்டியச் சுத்தி ஒரு வீடியோ எடுத்திருந்தா இம்புட்டு பேச்சே வந்திருக்காது, பரவால்ல, மொத நாளு வண்டி மேல உக்காந்து நீங்க எல்லாம் எடுத்துக்கிட்ட போட்டோ இருக்கும்ல அதுல வலது பக்கம் தெரியுதான்னு தேடு, அந்த போட்டோவுக்கு தேதி நேரம் எல்லாம் போன்லயே இருக்கும்.

அப்புறம் அவரு எல்லாத்துக்கும் புதுப் பார்ட் விலை போட்டிருக்காரு. வண்டி எடுத்து நாலு வருஷம் இருக்கும்போல, பேனல்ல ஏற்கனவே ஸ்டிக்கர் ஒட்டி மறைச்ச கீறல் தெரியுது. தேய்மானம் கழிக்காம முழுசா குடுக்குற பம்பர்-டு-பம்பர் எடுக்காத பாலிசியில இன்சூரன்ஸ்காரங்களே பிளாஸ்டிக் ரப்பர் பார்ட்டுக்கு 50 சதவீதம் கழிச்சுட்டுத்தான் குடுப்பாக, எத்தன பில்லு நான் எழுதியிருக்கேன். அத மரியாதையா சொல்லு. லிவரும் மிரரும் அரை மணி நேர வேலை, அதுக்கு புது விலையே குடுத்துரு. பேனலுக்கு பாதி பேசு, இல்ல பெயிண்டிங் பண்ண என்ன ஆகும்னு கேளு. ஹேண்டில் நேரா இருக்கா, விட்டா ஒரு பக்கமா இழுக்குதான்னு மட்டும் அவரு முன்னாடியே பாத்துரு, முன்வீலப் பிடிச்சிருக்குற போர்க் பெண்டாயிருந்தா அது உன் செலவுதான், பின்னாடி வண்டி எடுக்குறவுக உசுரு அதுல இருக்கு. வண்டி நின்ன நாளுக்கு வாடகை கேட்டா பெயிண்ட் காயுற ஒரு நாள் ரெண்டு நாள் நாயம், ஒரு வாரம்னா ஒத்துக்காத. அவரு சொல்ற மெக்கானிக்கிட்டயே ஆகட்டும், ஆனா பில்லும் கழட்டுன பழைய பேனலும் கைக்கு வரணும், பழசு வரலைன்னா மாத்தவே இல்லைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, நம்பர் பிளேட்டு வெள்ளையா இருக்கு, அப்பாதான் மொதல்ல பாத்தாரு. நாமளே ஓட்ட வாடகைக்கு விடுற வண்டின்னா கறுப்பு பிளேட்டுல மஞ்ச எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட்டுன்னா சொந்த உபயோகத்துக்கு போட்ட இன்சூரன்ஸ், வாடகைக்கு விட்ட வண்டின்னு தெரிஞ்சா கிளைம் தர மாட்டாக, அதான் மொத்தத்தையும் உங்கிட்டயே கேக்குறாரு. இத வச்சு அவர மெரட்டச் சொல்லல தாயி, உனக்குத் தெரிஞ்சிருக்கணும் அவ்வளவுதான். ஆனா யாரு மேலயாச்சும் மோதியிருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சா எனக்கு வயித்தக் கலக்குது. அடிபட்டவுகளுக்கு வைத்தியம் பாக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும், அதுக்கு மேல நஷ்டஈடு கேசு, அந்த மாதிரி இன்சூரன்ஸ்ல அது நம்ம தலைக்கே வந்தாலும் வரும். இனிமே எங்க எடுத்தாலும் பிளேட்டு கலரப் பாத்துட்டு, கவர்மெண்ட்டோட எம்பரிவாகன் ஆப்புல வண்டி நம்பரப் போட்டு இன்சூரன்ஸ் தேதி முடியலையான்னு பாத்துட்டு சாவிய வாங்கு.

உன் ஒரிஜினல் லைசென்ஸ் அவருகிட்ட இருக்குன்னு சொன்னேல்ல, பணம் குடுக்குறப்பவே அதக் கையில வாங்கிரு, அப்புறம் கொரியர்ல அனுப்புறேன்னு சொன்னா சம்மதிக்காத. பணத்த கையில குடுக்காம ஜிபேல போடு, டேமேஜ் கணக்கு முடிஞ்சதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போடச் சொல்லு. சைலன்சருக்கும் சேத்துத்தான் தரணும் இல்லைன்னா லைசென்ஸ் தர மாட்டேன்னு நின்னா சத்தம் போடாத, 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு அதுல புகார் போடுறேன்னு சொல்லு, பக்கத்து ஸ்டேஷனுக்கே போயி பேசிக்கலாம்னு சொல்லு. எங்க கணக்குக்கு எல்லாம் சேத்து 3,500 தாண்டாது, அப்பா உன் அக்கவுண்ட்ல 4,000 போட்டு விட்டுட்டாரு.

முழங்கைய போட்டோவுல பாத்தேன், அதுக்குள்ள இன்னும் மண்ணு இருக்கு பாப்பா. நல்லா தண்ணி விட்டுக் கழுவு, டிடி ஊசி போட்டியா இல்லையான்னு நீ சொல்லவே இல்ல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போயி அத போட்டுட்டு அதுக்கப்புறம் கடைக்குப் போ. உள்ள போறதுக்கு முன்னாடி போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி, அப்பா பேசிக்கிறேன்னு சொன்னாரு, பட்டறைய பத்து மணிக்கு மேல தெறந்துக்கிறாராம்.

அம்மா