மெஸ் திறக்கப்போகும் நண்பனுக்கு

திருச்சி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கும்பகோணத்தில் மெஸ் திறக்கப் போகிறாய் என்று படித்ததும் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இருபது வருஷம் மண்டியில் கணக்கு எழுதியவனுக்கு இப்போதாவது பிடித்த வேலை அமைந்ததே. தங்கச்சியின் கைப்பக்குவத்துக்கு இலை போடப் போட ஆள் வரும். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவளுக்கு ஐப்பசியில் பிரசவம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடுவதாக இல்லை, சமையல் மாஸ்டர் வேலையைப் பாதி குறைத்துக்கொண்டேன்.

நீ எழுதியதில் ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “அடுப்பு விஷயம் ஒன்றுமில்லை, வீட்டில் பற்றவைக்கிற மாதிரிதானே” என்று எழுதியிருக்கிறாய். இல்லை மாப்ளே. உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள், காலை நாலரை மணி. குளிருக்காகப் பின்கதவைச் சாத்தி வைத்திருந்தோம். நான் பருப்பு அளந்துகொண்டிருந்தேன். உதவிக்கு இருக்கும் பையன் சாம்பார் அண்டாவை ஏற்றிவிட்டு பெரிய பர்னரின் வால்வைத் திறந்தான். பிறகுதான் தீப்பெட்டி காலி என்று பார்த்திருக்கிறான். கல்லாவில் இருந்து இன்னொன்று எடுத்துவர ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குச்சியைக் கிழித்தான். ‘பக்’கென்று ஒரு சத்தம். தீ அடுப்பில் எரியவில்லை, தரையோடு தரையாக நீலமாக ஓடி அவன் காலைச் சுற்றி எழுந்தது. புருவம் பொசுங்கிவிட்டது, கெண்டைக்கால் முழுக்கக் கொப்புளம். குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிஷம் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அந்த முடி பொசுங்கிய வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவனுக்குப் பதினெட்டு வயசு. அவனுக்கு நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததில்லை, அது என் தப்பு.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும், சாக்கடைக் குழிக்குள் இறங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். வீட்டு அடுப்பைவிட ஹை பிரஷர் பர்னர் பல மடங்கு கேஸைக் கக்கும். அந்த ஒரு நிமிஷம் எதற்குப் போதும் என்று நீயே யோசித்துப் பார்.

அதனால் என் கடையில் இப்போது ஒரே சட்டம்: முதலில் தீ, அப்புறம் கேஸ். காலையில் வந்ததும் கதவு, ஜன்னல் எல்லாம் திறக்க வேண்டும், லைட் சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலேயே. குனிந்து தரைப்பக்கம் மோந்து பார்க்க வேண்டும். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். நாற்றம் இருந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்.

நாற்றம் இல்லையென்றால் சிலிண்டர் வால்வைத் திறந்து, எரிகிற நீளக் குச்சியைப் பைலட் பக்கம், அதாவது பெரிய பர்னரைப் பற்றவைக்கிற சின்ன பர்னர் பக்கம், பிடித்த பிறகுதான் பைலட் வால்வைத் திறக்க வேண்டும். முகத்தை பர்னருக்கு நேராக வைக்காதே. பைலட் நின்று எரிந்தால்தான் பெரிய வால்வு, அதுவும் மெதுவாக. பிடிக்கவில்லையா, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திரு. கூட்டம் காத்திருந்தாலும் சரி. சாம்பார் பொங்கிப் பைலட்டை அணைத்துவிட்டால் கேஸ் தானாக நிற்கும் வசதி பல அடுப்புகளில் கிடையாது. நீ புதிதாக வாங்குகிறாய் அல்லவா, அந்த வசதி உள்ளதாகவே கேட்டு வாங்கு. இரண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும் யோசிக்காதே.

தீ நீலமாக, பர்னரோடு ஒட்டி எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது; மாவுத் தூசும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். நாங்கள் திங்கட்கிழமை தோறும் அடுப்பு ஆறினதும் பர்னரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்துத்தான் மாட்டுகிறோம். கேஸ் வெளியே வருகிற ஜெட் ஓட்டையில் மட்டும் ஊசியை விட்டுக் குடையாதே. ஓட்டை பெரிசானால் கேஸ் அதிகமாகி அடுப்பே கெட்டுவிடும்.

அப்புறம், முதல் மாசம் வீட்டு சிலிண்டரை வைத்தே ஓட்டலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். சட்டப்படி தப்பு, கடைக்கு அது தாங்கவும் தாங்காது. நீல நிற 19 கிலோ சிலிண்டரை எடு. ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்பு இரண்டை எரித்தால் கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு வேர்த்து, அடியில் வெள்ளையாக உறைபனி பிடிக்கும், தீ தளர்ந்துவிடும். உள்ளே இருக்கிற திரவம் வாயுவாக மாறச் சூட்டை இழுத்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. அப்போது சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், படுக்கப் போடுவார்கள். இரண்டும் ஆபத்து. இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து லைன் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார், முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிறவனை அடுக்களைக்குள்ளேயே விடாதே.

ராத்திரி கடை அடைக்கும்போது ஒரு பர்னர் எரிந்துகொண்டிருக்கையில் சிலிண்டர் வால்வை மூடு. லைனில் மிச்சம் இருப்பது எரிந்து தானாக அணையும், பிறகு பர்னர் வால்வை மூடலாம். நான் எவ்வளவு அசதியாக இருந்தாலும் அந்தத் தீ அணைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். தழும்பு இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அடுப்பு பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பது அவன்தான். உன் கடையில் லைன் போடுகிற தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது. அவனையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் வந்து தங்குகிறேன். தங்கச்சியிடம் கடப்பா செய்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே