உருக்கி உறையவைத்தும் நானோ துகள் செய்யலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நானோ ஆக்சைடு (உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளின் மிக நுண்ணிய துகள்) கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உலோக உப்பைக் கரைத்து, காரம் ஊற்றி, வீழ்படிவை வடிகட்டிச் சுட்டெடுக்கும் முறையோடு நின்றுவிட்டது. உலோகத்தையே உருக்கி, சட்டென்று உறையவைத்து, அப்புறம் காற்றில் சூடாக்கும் வழியும் உண்டு. ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) காலம் தள்ளியவன் என்பதால் அது விடுபட்டது உறுத்தியது.

1960-ல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர் தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகலை மின்னல் வேகத்தில் குளிரவைத்து, படிகமே இல்லாத, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத, உலோகத்தைக் காட்டினார்கள். பிற்பாடு சுழலும் செம்புச் சக்கரம் வந்தது. அதன் விளிம்பில் உருகலைப் பீய்ச்சினால், நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வீதம் குளிர்ந்து, 20 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் நாடாவாகப் பறந்து வரும். அமார்ஃபஸ் (படிகமற்ற) கோர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருப்பதும் இப்படிச் செய்த இரும்புக் கலவை நாடாதான்.

சரி, இதில் ஆக்சைடு எங்கே வருகிறது? சூரிச்சில் வேதியியலாளர் அல்ஃபோன்ஸ் பைக்கர் குழுவினர் ஆராய்ந்த, பல்லேடியம், சிர்கோனியம் என்ற இரு உலோகங்கள் கலந்து இதே முறையில் செய்த நாடாவைப் பாருங்கள். மெதுவாக ஆறவிட்டால் இரண்டும் சேர்ந்து பெரிய பெரிய படிகங்களாகிவிடும். உருகலில் கலந்தது கலந்தபடியே உறைந்துவிட்டால் அதற்கு நேரமில்லை. அந்த நாடாவை 300 டிகிரி செல்சியஸுக்கு அருகில் காற்றில் வைத்தால், ஆக்சிஜனுக்கு அலையும் சிர்கோனியம் முந்திக்கொண்டு ஆக்சைடாகிறது. ஒதுக்கப்பட்ட பல்லேடியம் தூரம் போக வழியில்லாமல் அங்கங்கே நுண்துகளாகத் தங்கிவிடுகிறது. சிர்கோனியம் ஆக்சைடாகும்போது பருமன் ஏறக்குறைய ஒன்றரை மடங்காவதால் நாடா விரிசல் விட்டு, வாயு உள்ளே நுழைய இடுக்குகளும் உண்டாகின்றன. கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கியாக (தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருளாக) அது நன்றாக வேலை செய்தது.

எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லவேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்தே கிடைக்கும். சன்ஸ்கிரீன் களிம்புக்கு உதிரியான துத்தநாக ஆக்சைடு வேண்டுமென்றால் உங்கள் கட்டுரையாளர் சொன்ன வழியே மேல். வினையூக்கிக்கு அந்தப் பிணைப்புதான் பலம் என்பது என் கட்சி.

அடுத்த இதழில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். சிர்கோனியம் நாடாவைக் குவியலாகப் போட்டுச் சூடாக்கக் கூடாது, தன் சூட்டிலேயே தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கையையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஃபவுண்டரிக்காரர்,
கோவை